237 பேசுகிறது...

கூதிர்ப் பருவம்.

பெய்து முடித்த மேகம் ஊரைவிட்டுப் போகாமல், போக மனமில்லாத விருந்தினரைப் போல் கூரைகளின் மேல் சாய்ந்து கிடந்தது. ஈரத்துணிக்குப் பின்னே ஏற்றிய விளக்காகக் கதிரவன் மங்கியிருந்தான். மரங்கள் அசையவில்லை, இலை நுனியில் திரண்ட துளிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கனிந்து உதிர்ந்தன. வாடை மெல்ல வந்து, மூடிய சன்னல்களைத் தொட்டுப் பார்த்துத் திரும்பியது. பிரிந்தவரை நினைப்பதற்கென்றே படைக்கப்பட்ட பருவம் அது. நெஞ்சில் இழுப்பு உள்ளவர்களுக்கோ, ஒவ்வொரு மூச்சையும் இரந்து பெறும் பருவம்.

அப்பருவத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை மணி பத்து.

மின்தூக்கிகளைச் சோதித்துப் பாதுகாப்புச் சான்று வழங்கும் நான்கு மாடி அலுவலகம். வரவேற்புக் கூடத்தில் மேலாளர் நின்றிருந்தார். அவர் முன்னே ஒரு லேப்டாப்.

"இந்தப் பட்டனைத் தட்டுங்க சார். அவ்வளவுதான்," என்றான் தொலைபேசிக்காரன்.

ஐந்து நாள் உழைப்பு. பழைய தொலைபேசிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இணையம் வழியே பேசும் புதிய தொலைபேசிகளை அலுவலகத்தின் கணினி வலையோடு இணைத்திருந்தான். மொத்தம் நாற்பத்தாறு கருவிகள். பொருத்திய ஒவ்வொன்றையும் தன் லேப்டாப்போடு இணைத்து "ஹலோ... ஹலோ..." என்று சோதித்ததில், அலுவலகம் அவனுக்கு 'ஹலோ தம்பி' என்றே பெயர் சூட்டிவிட்டது. வெளி எண்களை அழைக்கும் வசதி நண்பகலுக்குப் பிறகுதான் வரும். அதுவரை உள் எண்கள் தங்களுக்குள் மட்டுமே பேச முடியும்.

மேலாளர் பட்டனைத் தட்டினார்.

அந்த நொடியில் நாற்பத்தாறு கருவிகளும் ஒன்றாகக் கண் விழித்தன. நாற்பத்தாறு சிறு திரைகளில் நீல வெளிச்சம்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஹலோ தம்பி மட்டும் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினான்.

அவன் அக்கா.

அந்த அலுவலகத்தின் மூத்த சோதனையாளர் அவள். இந்த வேலைக்கு அவனைப் பரிந்துரைத்ததும் அவள்தான். எட்டு மணிக்கு வந்து மேசையில் கைப்பையை வைத்துவிட்டு எழுந்து போனவளை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. இழுப்பு வந்தால் உறிஞ்சும் மருந்துக்குழல் அந்தக் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. அது இல்லாமல் அவள் கட்டடத்தைவிட்டு வெளியே போக மாட்டாள்.

வரவேற்பு மேசையில் புதிய தொலைபேசி அலறியது.

திரையில் ஓர் உள் எண். 237.

வரவேற்புப் பெண் உற்சாகமாக ஸ்பீக்கரை அழுத்தினாள். "முதல் கால்! சொல்லுங்க, யாரு?"

மூச்சுச் சத்தம்.

இழுத்து இழுத்து, கிழிந்த துருத்தியிலிருந்து வருவதுபோல்.

"தம்பி... தம்பி இருக்கானா?"

ஹலோ தம்பி மேசைக்குப் பாய்ந்தான்.

"அக்கா! எங்க இருக்க?"

"தெரியலடா. ஒரே இருட்டு. கையைப் பின்னால கட்டியிருக்காங்க. பின்மண்டையில அடிச்சாங்க... யாருன்னு பார்க்கல. இப்பதான் திடீர்னு ஒரு வெளிச்சம். பார்த்தா போனு. 'வரவேற்பு'ன்னு எழுதியிருந்த பட்டனை மூக்கால அழுத்தினேன்."

"கதவு?"

"பூட்டியிருக்கு. தூசி... தாங்கல."

அதற்குமேல் இருமல்தான் வந்தது.



முதலில் பேசியவர் மேலாளர். பதறாத குரல். "237 நம்ம உள் எண். அப்படின்னா அந்தம்மா இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்காங்க. எந்த ரூம் அது?"

ஹலோ தம்பி வரைபடத்தை விரித்தான். இரண்டாம் மாடி. பழைய பதிவேடுகள் அடுக்கிய அறை.

படிகளை மூன்று மூன்றாகத் தாவினான். பின்னாலேயே மேலாளர், வாயிற்காவலாளி, அலுவலகத்தின் தொலைபேசி, கணினி ஒயர்களைப் பராமரிக்கும் ஒயர் அண்ணன்.

கதவு பூட்டியிருக்கவில்லை.

அலமாரிகள். காகிதக் கட்டுகள். சுவரோரம் ஒரு கேபிள் முனை, எதிலும் செருகாமல் நாக்கைத் தொங்கவிட்டிருந்தது.

தொலைபேசி இல்லை. அக்காவும் இல்லை.

"எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க," என்றான் ஹலோ தம்பி. "பழைய போன்ல நம்பர் ஒயருக்குச் சொந்தம் சார். இதுல கருவிக்குச் சொந்தம். கழற்றி எந்த ரூம்ல மாட்டினாலும் 237 தான். அக்கா எந்த ரூம்ல வேணா இருக்கலாம்."

ஒயர் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மேலாளரைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

கைப்பேசியில் காவல்துறையை அழைத்தார்கள். பத்து நிமிடத்தில் ஒரு பெண் ஆய்வாளர் ஆறு பேருடன் வந்து சேர்ந்தார். வாயில்கள் மூடப்பட்டன. மேலாளரே முன்னின்று மாடி மாடியாக அவர்களை அழைத்துப் போனார். பூட்டியிருந்த அறைகளைத் திறந்தார்கள். சாவி இல்லாதவற்றை உடைத்தார்கள். கழிப்பறைகளின் மேல்தளம்வரை விளக்கடித்துப் பார்த்தார்கள்.

அடித்தளத்துக் கிடங்கின் இரும்புக் கதவை உடைக்க முடியாதென்றும், அதன் சாவி தன் வீட்டில் இருப்பதாகவும், போய் எடுத்து வருவதாகவும் ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு மேலாளர் காரில் கிளம்பினார்.

மணி பத்து இருபத்திரண்டு.

வரவேற்பு மேசையில் அழைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. ஹலோ தம்பி அதன் முன் குனிந்து நின்றான். கையெட்டும் தூரத்தில் அக்காவின் மூச்சு. ஆனால் அவள் எங்கே என்று தெரியவில்லை. கையில் அவளுடைய மருந்துக்குழல். ஒரு குரலுக்கு மருந்து கொடுப்பது எப்படி?

"பேசாத அக்கா. மூச்சைச் சேர்த்து வை."

"பேசலன்னா தூங்கிடுவேன்டா." சற்று நேரம் இழுப்பு. "அஞ்சு நாளா ஹலோ ஹலோன்னு கத்தி உயிரை வாங்கின. எரிச்சலா இருந்துச்சு. இப்ப ஒரு தடவை சொல்லு."

"ஹலோ," என்றான்.

"ம்... நல்லா கேக்குது. டெஸ்ட் ஓகே."

வரவேற்புப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யார், எதற்காக என்று ஆய்வாளர் விசாரித்தபோது அக்காவே விட்டுவிட்டுச் சொன்னாள். நேற்று அவள் ஒரு மருத்துவமனையின் மின்தூக்கியைச் சோதித்தாள். அதைத் தாங்கும் ஆறு கம்பிவடங்களில் இரண்டின் இழைகள் அறுந்திருந்தன. சான்று தர முடியாதென்று எழுதிவிட்டாள். இன்று பன்னிரண்டு மணிக்குள் அந்த அறிக்கை அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டும். காலையில் அதைக் காரில் வைக்க எடுத்துக்கொண்டு அடித்தளத்துக் கார் நிறுத்தத்தில் இறங்கியதுவரை நினைவிருக்கிறது. பிறகு இருட்டு.

"கட்டடத்துல பாதி முடிஞ்சது. ஒண்ணுமில்ல," என்றார் ஆய்வாளர். "உங்க மெஷின்ல வேற வழி இல்லையா தம்பி?"

ஒரு வழி இருந்தது. முரட்டு வழி.

நான்கு மாடிகளின் கேபிள்களும் வந்து முடியும் சிறிய அறையில் ஒயர் அண்ணனை நிறுத்தினான். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கச் சொன்னான். எதைப் பிடுங்கும்போது அக்காவின் குரல் நிற்கிறதோ, அந்தக் கேபிள் போய்ச் சேரும் அறையில் அக்கா இருக்கிறாள். வரவேற்பு மேசைக்கு வரும் கேபிளை மட்டும் தொடக் கூடாது.

"அக்கா, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இரு. நடுவுல நின்னா பயப்படாத. கண்டுபிடிச்சுட்டோம்னு அர்த்தம்."

அக்கா எண்ணத் தொடங்கினாள்.

ஒயர் அண்ணன் பிடுங்கத் தொடங்கினார். முதல் மாடி அணைந்தது. நாற்பத்தாறாக விழித்தவை, நாற்பதாகி, முப்பதாகி, இருபதாகி...

"பதினேழு... பதினெட்டு..."

ஐந்து நாள் உழைப்பைத் தன் கண்முன்னே வேரோடு பிடுங்குகிறார்கள். அது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவன் அந்தக் குரல் நிற்பதற்காகத் தவம் கிடந்தான்.

குரல் நிற்கவில்லை.

ஒயர் அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். "தம்பி... ரூம்களுக்குப் போற எல்லாத்தையும் எடுத்துட்டேன். உன் மேசைக்கு வர்ற ஒரு கேபிள்தான் பாக்கி."

"...நாற்பத்தொண்ணு... நாற்பத்திரெண்டு..."

அத்தனையும் பிடுங்கியாயிற்று.

அக்கா இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.



ஹலோ தம்பி லேப்டாப்பைத் திறந்து 237 எங்கிருந்து பேசுகிறது என்று பார்த்தான். உள்வலை முகவரி இல்லை. வெளியிலிருந்து, இணையத்தின் வழியே வந்துகொண்டிருந்தது.

"மேடம்," என்றான். "அக்கா இந்தக் கட்டடத்துலயே இல்லை."

இணையத்தில் பேசும் கருவிக்குச் சுவர் ஏது? உலகின் எந்த மூலையில் செருகினாலும் அது 237தான். உள் எண் என்ற ஒரு சொல்லை நம்பி, அரைமணி நேரமாக வெறும் செங்கல்லைத் தேடியிருக்கிறார்கள்.

அந்த முகவரி யாருடையது? இணைப்பு கொடுத்த நிறுவனம் சொல்லும். எழுத்து மூலம் கேட்டால், நாளை.

ஒயர் அண்ணன் படியிறங்கி வந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லணும். என்னைத் திட்டாதீங்க."

யாரும் திட்டவில்லை. அதுவே அவரைக் கலங்கடித்தது.

"மூணு நாளைக்கு முன்னாடி மேலாளர் ஒரு போன் கேட்டாரு. அவரோட தோட்ட வீட்டு ஆபீஸ்ல வைக்கணுமாம், யாருக்கும் தெரிய வேணாம்னாரு. பதிவறையில இருந்த ஒண்ணைத் தூக்கிக்கிட்டுப் போய் மாட்டிட்டு வந்தேன். நம்பரைப் பார்க்கல தம்பி. கருவிதானே, எதை எடுத்தா என்னன்னு... முப்பது வருஷப் பழக்கம். ஒயர்லதானே நம்பர் இருக்கும்னு..."

"அப்பவே ஏண்ணே சொல்லல?"

"அவர் எதிர்லயே நின்னாரு, பயந்துட்டேன்; அது தோட்ட வீட்டுல இருந்து பேசும்னு தோணவும் இல்ல. அதோட, அந்த போன் மூணு நாளா செத்துக் கிடந்துச்சு. நம்ம சிஸ்டம் உயிர் பெறாம அது பேசாது."

எல்லோர் கண்களும் லேப்டாப்பின் அந்த ஒரு பட்டன்மேல் விழுந்தன.

செத்த போன் என்று நம்பித்தான் அவளை அந்த அறையில் அடைத்திருக்கிறார். காலை பத்து மணிக்கு, கூட்டத்தின் முன்னே, சிரித்த முகத்தோடு, தம் கையாலேயே அதற்கு உயிர் கொடுத்திருக்கிறார்!

"அவர் கிளம்பி எவ்வளவு நேரமாச்சு?" என்றார் ஆய்வாளர்.

காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினாலு நிமிஷம்மா."

"தோட்ட வீடு எவ்வளவு தூரம்?"

"இருபது நிமிஷம்," என்றார் ஒயர் அண்ணன்.

ஆய்வாளர் வயர்லெஸ்ஸில் பேசினார். அந்தப் பக்கத்தில் ரோந்து வண்டி ஒன்று இருந்தது. எவ்வளவு விரட்டினாலும் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள்.

மேலாளர் போய்ச் சேர ஆறு நிமிடம். காவலர் சேரப் பத்து.

நடுவே நான்கு நிமிடம். அதில் ஒரு மனிதர் எதையும் செய்யலாம்.

ஹலோ தம்பி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். அக்காவின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டித் தடுமாறிக்கொண்டிருந்தது.

"அக்கா, எண்ணினது போதும். கேளு. கொஞ்ச நேரத்துல அங்க ஒருத்தர் வருவார். நம்ம மேலாளர்."

நீண்ட இழுப்பு.

"அப்போ அந்த லிஃப்டுக்கு என் கையெழுத்தை அவரே போட்டுக்கப் போறார்," என்றாள். மரணத்தைவிட அதுதான் அவளுக்கு வலித்தது போலிருந்தது. "தம்பி, அதுல ஸ்ட்ரெச்சர்ல ஆளை ஏத்துவாங்கடா. விட்டுடாத."

"நான் வந்துடறேன்க்கா."

"எப்படி? ஒயருக்குள்ள நுழைஞ்சா?"



*

தோட்ட வீடு.

கார் நின்றது. ஈரச் சரளையில் காலடிகள். பூட்டுக்குள் சாவி திரும்பியது.

கதவு திறந்ததும், சாம்பல் நிற வெளிச்சம் உள்ளே சரிந்தது. தரையில் அவள். முகம் நீலம் பாரித்திருந்தது. மேசை விளிம்பில் தொலைபேசித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

மேலாளர் நேரே மேசையை நோக்கி நடந்தார். கேபிளின் மேல் கையை வைத்தார்.

"பிடுங்காதீங்க சார்," என்றது தொலைபேசி.

கை நின்றது.

"பிடுங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நாற்பத்தாறு போனையும் ஒண்ணாச் சேர்த்திருக்கேன். நீங்க கதவைத் திறந்தது, நடந்து வந்தது, எல்லாம் எல்லாருக்கும் கேட்டுச்சு."

மேலாளர் உதட்டில் ஒரு கோணல் சிரிப்பு. கேபிளை இறுகப் பிடித்தார்.

"சார், நான் ரிசப்ஷன்," என்றது ஒரு பெண் குரல். "உங்க மூச்சு கேக்குது."

"வாசல்ல இருந்து பேசுறேன் சார்." காவலாளியின் கரகரப்பு. "உங்களுக்குத் தினமும் சல்யூட் அடிச்ச கை இது. கூசுது."

"மூணாவது மாடி சார்." ஒயர் அண்ணன் விசும்பினார். "நான்தான் மாட்டினேன் அந்த போனை."

"கேன்டீன்ல பதினஞ்சு பேர் நிக்கிறோம்," என்றது தடித்த ஆண் குரல் ஒன்று. "டீ ஆறிப்போச்சு. யாரும் குடிக்கல. கேட்டுக்கிட்டிருக்கோம்."

சிரிப்பு உலர்ந்தது.

ஹலோ தம்பியின் குரல் மீண்டும் வந்தது. "இந்த நொடிவரைக்கும் எங்கக்கா மூச்சு எல்லாருக்கும் கேக்குது சார். அது நின்னா அந்த அறையில யார் இருந்தாங்கன்னு கோர்ட்டுல சொல்ல நாற்பத்தாறு காது இருக்கு. இப்ப பிடுங்குங்க."

மேலாளர் பிடுங்கவில்லை.

கை மெல்லக் கீழே வந்தது. நாற்காலியில் சரிந்தார். யாரிடம் என்றில்லாமல் பேசத் தொடங்கினார். கொல்லும் எண்ணம் காலையில் இல்லை என்றார். சான்றுக்காக மருத்துவமனையிடம் பணம் வாங்கியாயிற்று, பன்னிரண்டு மணிவரை அவள் அலுவலகத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். பழைய அறிக்கையிலிருந்து அவள் கையெழுத்தைப் பார்த்து எழுதிய சான்று தம் கார்ப் பெட்டியில் இருப்பதாகவும் சொன்னார். பத்து மணிக்கு அவள் குரல் ஸ்பீக்கரில் வந்த பிறகுதான் வேறு வழியில்லாமல் போயிற்று என்றார்.

ஒவ்வொரு சொல்லையும் தொலைபேசி அமைதியாக வாங்கிக்கொண்டது.

சரளைக்கல்லில் மற்றொரு வண்டி வந்து நின்ற ஓசை கேட்டது.

*

பதினைந்து நிமிடத்தில் ஆய்வாளரின் ஜீப் தோட்ட வீட்டு வாசலில் நின்றது. ஹலோ தம்பி குதித்து ஓடினான். ரோந்துக் காவலர் கட்டை அவிழ்த்து அக்காவை வெளித்திண்ணையில் உட்கார வைத்திருந்தார்கள். மருந்துக்குழலை அவள் வாயில் வைத்து அழுத்தினான். ஒருமுறை. இருமுறை. கிழிந்த துருத்தி மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டது.

கைவிலங்கோடு மேலாளர் அழைத்து வரப்பட்டார். ஆய்வாளரைக் கண்டதும் நின்றார்.

"நாற்பத்தாறு பேரும் சாட்சி சொல்வாங்களா?"

"நாற்பத்தாறா?" ஆய்வாளர் புருவத்தை உயர்த்தினார். "சார், காலையில நீங்க திறந்து வெச்ச சிஸ்டத்துல அந்த நேரம் உயிரோட இருந்தது ரெண்டே போன். ஒண்ணு இங்க. இன்னொண்ணு ரிசப்ஷன்ல. மீதி எல்லாத்தையும் இந்தத் தம்பி பிடுங்கிப் போட்டுட்டான். ஒரே ரிசீவரைச் சுத்தி நின்னு, கைமாத்திக் கைமாத்திப் பேசினோம்."

"கேன்டீன்ல... பதினஞ்சு பேர்..." என்றார் மேலாளர்.

ஆய்வாளருக்குப் பின்னால் நின்ற தடித்த காவலர் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒருத்தன்தான் சார். உங்க கேன்டீன் எந்த மாடின்னுகூட எனக்குத் தெரியாது."

கார்ப் பெட்டியிலிருந்த போலிச் சான்றை ஆய்வாளர் கைப்பற்றினார். அக்கா எழுதிய அறிக்கையும் அதற்கடியிலேயே கசங்கிக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு இன்னும் அரைமணிக்கு மேல் இருந்தது. தாமே அதை அரசு அலுவலகத்தில் சேர்ப்பதாகச் சொல்லி, அந்த மருத்துவமனை மின்தூக்கியை உடனே நிறுத்தும்படி வயர்லெஸ்ஸில் உத்தரவிட்டார்.

ஜீப் புறப்பட்டது. தூறல் மெல்லிய நூலாக இறங்கத் தொடங்கியது.

அக்கா, கயிறு அறுத்த சிவந்த மணிக்கட்டுகளை மெதுவாகத் தூக்கி, இரு கைகளையும் நெஞ்சின்முன் குவித்தாள். கண்களை மூடினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. வார்த்தைக்குச் செலவழிக்க மூச்சு போதவில்லை. மீண்டு வந்த மூச்சையே ஒவ்வொன்றாக எடுத்து அவள் இறைவன் திருவடியில் வைத்தாள். தம்பியும் கை குவித்து அருகே நின்றான். இருவர் தலையிலும் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

கண் திறந்தவள், நனைந்த அவன் தலையில் கை வைத்தாள்.

"நூறு வருஷம் நல்லா இருடா," என்றாள். "நீ எப்ப கூப்பிட்டாலும், கடவுள் உன்னை ஹோல்டுல போடாம எடுக்கணும்."